ஒற்று மிகும் இடம்

சாத்தையா செத்தது மாசியில்.
மொகல் தெருவில் நாலு பேருக்குத்தான் தெரியும்:
ராவுத்தர், அச்சுக்கோக்கும் ஆபிரகாம்,
கொள்ளி வைத்துவிட்டு வந்த கணக்கர்,
நான்.

வாசகருக்குச் சொல்லவில்லை.
அரசாங்கத்துக்கும் சொல்லவில்லை.
நாவல் போடும் அனுமதி அவர் பெயரில்;
புதுப் பெயருக்குக் கேட்டால்
ரங்கூனில் இப்போது யாருக்கும் கிடைக்காது.

"இருபத்திரண்டு பாகம் போட்டாச்சு.
அடுத்தது ஆடியில் என்று
பின்னட்டையில் அடிச்சாச்சு.
மெய்ப்புப் பார்க்கிற உனக்குத்தான்
அவன் குடல்வரைக்கும் தெரியும். எழுதும்மா."
காகிதக் கட்டு, செத்தவரின் பேனா,
அதன்மேல் ராவுத்தர் எழுதிய சீட்டு:
ஒற்றன் கொற்றவன் சாகக்கூடாது.
கல்யாணம் கூடாது.
தேநீரில் சர்க்கரை கூடாது.
மழையில் நனையக்கூடாது.

இந்த ஊரில்,
ஆனி மாதத்தில்,
நனையாத ஒருவனை
இருபத்திரண்டு புத்தகமாக நம்பியிருக்கிறார்கள்.

முதலில் கையெழுத்தைத் திருடினேன்.
அவர் ழகரத்தின் வால்
பசுண்டான் ஓடையில் திரும்பும் சம்பான்.
பிறகு மூச்சை.
பத்திக்கு ஒரு தீக்குச்சி கிழிப்பார்,
கதை நகராவிட்டால் ஒரு பெண்ணைச் சிரிக்கவைப்பார்.
மூன்றாம் பாகத்தில் இடத்தோளில் இருந்த தழும்பு
பதினொன்றில் வலத்தோளுக்கு வந்திருந்தது.
இரண்டுக்கும் ஒரே துப்பாக்கி என்று
ஓர் அத்தியாயமே கட்டினேன்.
வாரிசு என்றால் கடனும் சேர்த்துத்தான்.

ஒரே ஒரு மீறல்.
ஒன்பதாம் அத்தியாயத்தில், படகுத்துறையில்,
ஊரைவிட்டுக் கப்பலேறும் கூட்டத்தில்
யாருடைய தகரப்பெட்டியையோ தலையில் சுமந்து
கொற்றவன் நனைந்தான்.

தணிக்கை அலுவலகத்தில் தமிழ் படிக்க ஓர் ஆள்.
பெயர்ப்பலகையில் ஊ தான் கவுங்,
வீட்டில் தனக்கோடி.
என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்.
மின்விசிறி, ஒரு நாற்காலி, அதில் அவர்.
நான் நின்றேன்.

"சாத்தையா சௌக்கியமா?"
"சௌக்கியம்."
"இரண்டு வருஷமாய்க் கைப்பிரதி என்னிடம்தான் வருகிறது.
கதவை தட்டினான் என்று எழுதுவார்.
கடலை பார்த்தான். எதிரியை கொன்றான்.
வல்லினம் மிகும் என்று
யாரும் அவருக்குச் சொன்னதில்லை போலும்.
இதில் முந்நூறு பக்கம்.
ஓர் ஒற்றுப்பிழை இல்லை."

ழகரத்தின் வாலை வளைத்தேன்,
தீக்குச்சியை எண்ணிக் கிழித்தேன்;
பன்னிரண்டு வருஷம் திருத்திய கை
திருத்தியபடியே எழுதிவிட்டது.
அச்சில் வந்ததைப் படித்த எவருக்கும் தெரியாது.
செத்தவர் பிழை தெரிந்தவர்கள்
உலகத்தில் இரண்டே பேர்:
ஒருத்தி நிற்கிறாள்,
ஒருவர் மேஜை இழுப்பறையைத் திறக்கிறார்.

சிவப்புப் பென்சில்.
முதல் பக்கம், முதல் வரி,
கதவைத் தட்டினான்.
த் மேல் ஒரு கோடு.
பக்கத்தைத் திருப்பினார். ஒரு க்.
திருப்பினார். ஒரு ப்.
வெளியே மழை விட்டு, மறுபடி பிடித்தது.
நான் இத்தனை காலம் சேர்த்ததையெல்லாம்
ஒரு மத்தியானத்தில், அவசரமில்லாமல்,
அடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு முத்திரை.
கட்டை என்னிடம் நீட்டி,
அவருடைய உத்தியோகக் குரல் இல்லாத குரலில்:
"ஒன்பதில் நனைகிறானே.
காய்ச்சல் வருமா?"
"அடுத்த பாகத்தில்" என்றேன்.

அச்சகத்தில் அன்றிரவு
ஆபிரகாம் கோத்துத் தந்த படிக்கு மெய்ப்புப் பார்த்தேன்.
எல்லா ஒற்றையும் இருந்த இடத்தில் வைத்தேன்,
முதல் வரியைத் தவிர.
அங்கே கதவை தட்டினான்.
தட்டிய சத்தம் இல்லை.
கதவு திறந்துவிட்டது.

ஆவணியில் பெகுவிலிருந்து ஓர் அஞ்சலட்டை:
உயர்திரு சாத்தையா அவர்களுக்கு,
பாகம் இருபத்துமூன்று பிரமாதம்.
பழைய முறுக்கு அப்படியே இருக்கிறது.
ஆனால் எடுத்த எடுப்பிலேயே ஒற்றுப்பிழை.
மெய்ப்புப் பார்ப்பவரை
உடனே மாற்றவும்.