சிவப்பு மூடி

ஓலு நகர மருத்துவமனையில்
டாக்டர் ஹுவோனென் ஒரு குப்பியின்
சிவப்பு மூடியைத் தூக்கிக் காட்டினார்.
வலக்கண்ணுக்கு அது லிங்கன்பெரிப் பழம்.
இடக்கண்ணுக்கு
மழையில் ஊறிய செங்கல்.

கண்ணைத் திருப்பினால்
உள்ளே யாரோ கயிறு இழுக்கிறார்கள்.

"பார்வை நரம்பு வீங்கியிருக்கிறது, தூலிக்கி.
ஏன் என்பதில்தான் கிளைகள்.
மூளையில் தழும்பு விட்டுத் திரும்பத் திரும்ப வருவது ஒன்று.
கண்ணையும் தண்டுவடத்தையும் சேர்த்துக் கடிப்பது ஒன்று.
இரு கண்ணிலும் இறங்கி
மருந்துக்குச் சட்டென்று பணிவது இன்னொன்று."

மூன்று நாள் ஸ்டீராய்டு,
நாக்கில் சாவிக்கொத்தின் சுவை.
என் பேருந்தின் சாவியோ டிப்போவில்.

பின்னிரண்டுக்கும் ரத்தம் இல்லை என்றது.
முதலாவதற்கு, "காத்திருப்போம்" என்றார்.
எவ்வளவு காலம் என்று நான் கேட்கவில்லை.

டிசம்பரில் பார்வை திரும்பியது, பெரும்பாலும்.
சௌனாவில் கல்மேல் நீர் ஊற்றினான் அர்த்தோ.
உடம்பு சூடேற,
வலக்கண்ணைப் பொத்திப் பார்த்தேன்:
கை தெரிந்தது, அவன் முகம் இல்லை.

வெளியே ஓடிப் பனியில் நின்றேன்
வெறுங்காலோடு, கண்ணைப் பொத்தியபடியே.
குளிர் ஏற ஏற
பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின் சறுக்குவண்டி
விளக்கடியில் மெல்ல உருத்திரண்டது.

சிவப்பில்லை. செங்கல்தான்.

"உள்ளே வா, விறைத்துப் போவாய்!"
இன்னும் கொஞ்சம், என்றேன்.