ஓர் ஆட்டுக்கு ஒரு சொட்டு

அத்பாஷியில் முதல் பனி.
கிடா சேருமுன் முடிக்க வேண்டும்.
குளிர்பெட்டியை முழங்கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு
பட்டி வாசலில் உட்கார்கிறேன்.
ஒன்று.

கீழிமையைக் கட்டைவிரலால் இழுத்து
ஒரு சொட்டு.
கண்ணிலிருந்து வெளியே விழுவதைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள்.
இது உள்ளே விழுவது.
ஆடு சிமிட்டும்.
சிமிட்டியதும் விட்டுவிடலாம்.

பிடித்துத் தருகிறவள் புருல்சா.
போன ஈற்றில் இங்கே பதினோரு ஆடுகள் குட்டி வீசின.
வெறுங்கையால் அள்ளினாள்,
நஞ்சுக்கொடியை நாய்க்குப் போட்டாள்.
பெயரிலேயே நஞ்சு இருந்தது,
யார் பெயரைப் பார்த்து அள்ளுகிறார்கள்?

மே மாதம் அவள் கணவன் எசெங்குலுக்குக் காய்ச்சல்.
அந்தியில் ஏறி விடியலில் வியர்த்து இறங்கும்.
பத்து நாள் காணாமல் போய்
கடன் கொடுத்தவன்போல் திரும்ப வந்து நிற்கும்.
குளிர் தாக்கியது என்றார்கள்.
வயசு என்றார்கள், அவனுக்கு முப்பத்தாறு.
நாரினில் ஒருவர் ரத்தம் எடுத்துப் பார்ப்பதற்குள்
புல்லறுப்பு முடிந்திருந்தது,
அவன் இடுப்பும்.
இப்போது குதிரை ஏற
ஒரு மரப்பெட்டி வேண்டும்.

இருநூற்றுப் பதினான்கு.

என் இடது முழங்காலுக்கும் இந்த நோயைத் தெரியும்.
வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம்,
கையுறை தீர்ந்துபோன ஓர் இரவு,
குறுக்கே மாட்டிக்கொண்ட ஒரு குட்டி.
குட்டி பிழைத்தது.

சினையாடுகளை ஒதுக்கச் சொல்லியிருந்தேன்.
கிடா முந்திக்கொண்ட ஒன்றிரண்டு கலந்திருக்கும்.
சில வாரங்களில் அவை வீசும்.
டாக்டர் கொண்டுவந்த நோய் என்று
பக்கத்துப் பட்டி கதவைச் சாத்தும்.
பதிவேட்டில் அதற்குக் கட்டம் இல்லை,
ஓரத்தில் எழுதுகிறேன்.

மத்தியானம்
ரொட்டியும் பாலாடையும் கொண்டுவருகிறாள்.
விருந்தாளி கேட்கக் கூடாததைக் கேட்கிறேன்:
பால் காய்ச்சியதா?
அவள் என்னைப் பார்க்கவில்லை.
"உங்களுக்கு என்று தனியாகக் காய்ச்சினேன்."

பின்னால் அவள் மகன்
மற்ற கிண்ணத்தை நக்கிக்கொண்டிருக்கிறான்.

என் கிண்ணத்தை அவனிடம் தள்ளிவிட்டு
அவனுடையதை எடுத்துக் கழுவுகிறேன்.
புருல்சா ஒன்றும் சொல்லவில்லை.
அடுப்பில் பெரிய பானையை ஏற்றும் சத்தம் மட்டும்.

ஐந்நூற்று மூன்றாவது
சுவர் தாண்டி ஓடிவிட்டது,
கறுப்புக் காது, வலக்கண் மட்டும் வெள்ளை வளையம்.
பெட்டியில் பனிக்கட்டி பாதியாகிவிட்டது.
எசெங்குல் மரப்பெட்டியைத்
தானே இழுத்துக்கொண்டு
குதிரையை நோக்கி நடக்கிறான்.