இருபது நொடி

அட்டகாமா, உப்பு ஆலை, மூன்றாம் வாசல்.
விடிகாலை நாலரைக்கு இடைவேளை.
முக்காலியை ஊன்ற மண் இல்லை இங்கே,
உப்புப் பாளம்தான்.
குதிகாலால் உடைத்து மூன்று குழி செய்தேன்.

உதிரி பேட்டரி என் சட்டைக்குள்.
வெளியே எடுத்தால் குளிரில் செத்துவிடும்.

கிழக்கே,
லிகான்காபுர் மலைக்கு ஒரு சாண் மேலே
துடைத்தும் போகாத சுண்ணாம்புத் தீற்றல்.
அதுதான்.

வாசல் விளக்கு விடவில்லை.
ஏழு படம், ஏழும் வெளுப்பு.
நிபால்டோவிடம் போய்க் கேட்டேன்.
பதினோரு வருடக் காவலில்
அவர் அதை அணைத்ததே இல்லை.
வானத்தை ஒருமுறை பார்த்தார்.
"இது தோன்றினால் யாருக்கோ ஆகாதாமே?"
"மேலாளருக்கு" என்றேன்.
சிரித்துக்கொண்டே சுவிட்சைத் தட்டினார்.

கதவு திறந்ததும் முண்டியடிக்கிற கூட்டம்போல
அத்தனை நட்சத்திரம்!
மூச்சைப் பிடித்து எண்ணினேன்.
பதினான்கில்
என் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி.
நிபால்டோ டார்ச்சைத் தொடவில்லை.
சிகரெட் முனையை ஆட்டி
நில், நில் என்றார்.
ஓட்டுநருக்கு என்ன புரிந்ததோ,
முகப்பு விளக்கை அணைத்துவிட்டு நின்றார்.
பதினெட்டு. பத்தொன்பது.

படத்தில் நிபால்டோ இல்லை.
இருட்டில் அசைகிற ஆள் பதிவதில்லை.
வால்நட்சத்திரம் இருக்கிறது, சற்றே கலங்கலாக.
அதன் கீழே கோணல்மாணலாய்
ஒரு சிவப்புக் கோடு.
அழித்துவிடலாம், சுலபம் என்கிறாள்
என் அறைத்தோழி எல்சிரா.
அழிக்கவில்லை.

மேலாளருக்கு ஒன்றும் ஆகவில்லை.
விளக்கை அணைத்ததற்கு
நிபால்டோவிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள்,
எழுத்துமூலம்.
கூட ஒட்டித் தரலாமா என்று
படத்தில் ஒரு பிரதி கேட்டார்.