ஒன்று புள்ளி மூன்று

வாலிநோக்கம் உப்பள ஆபீசில்
ஒரு மேசை, இரண்டு நாற்காலி,
கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் மடிக்கணினி.
பதினெட்டுப் படங்கள் கொண்டுவந்திருக்கிறேன்.
கடல் விசிறியின் கிளை,
சீமைக்கருவேல வேர்,
கான்வாஸில் யாரோ சொட்டவிட்ட கறுப்பு மை,
கணினி தானே வரைந்த மேகமும் மற்றதும்.
எதைப் பெரிதாக்கினாலும் உள்ளே
அதன் ஜாடையே கிடக்கும்.

கோட்டுக்கு ஒன்று, பரப்புக்கு இரண்டு.
இடையில், ஒன்று புள்ளி மூன்றுக்குப் பக்கத்தில்
கண் இளைப்பாறும், நாடி இறங்கும்.
ஒன்பது வருடமாக இதுதான் என் வேலை.
மதுரையில் ஓர் ஆஸ்பத்திரி
டயாலிசிஸ் அறைச் சுவருக்கு
அந்த எண்ணில் ஓடு கேட்டிருக்கிறது,
ஆயிரத்து இருநூறு.

விரலில் கிளிப் மாட்டி உட்கார்ந்தார்கள்.
ரொசாரியோ மேகத்தைப் பார்த்து
"கச்சான் எடுக்கப்போவுது" என்றார்.
எழுபத்தொன்று அறுபத்தாறானது.
ஹமீது நாச்சியா கடல் விசிறியில்
மகளின் ஸ்கேன் படத்தைக் கண்டு சிரித்தாள்.
அறுபத்து நான்கு.
நான் உள்ளுக்குள் விசிலடித்தேன்.

பிறகு முத்திருளாயி.
பதினோராவது படம்.
பிசகே இல்லாத ஒன்று புள்ளி மூன்று.
எழுபது.
எண்பத்தெட்டு.
நூற்று நாலு.
கிளிப்பைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"இத எதுக்குத்தா மாட்டி வச்சிருக்க?
எங்க கம்மா இப்பிடி வெடிச்ச வருசந்தான்
நாலு மாட்டையும் வித்துப்புட்டு
உப்பு வார வந்தேன்."

இது மண்ணே இல்லை என்றேன்,
சமன்பாடு போட்ட படம்,
இப்படி ஓர் இடம் எங்கும் கிடையாது.
"இல்லாத கம்மாயா?
அப்ப நீ பாக்கலாம்"
சொல்லிவிட்டு எழுந்து போனாள்.

போகும்போதுதான் அவள் குதிகாலைப் பார்த்தேன்.
பெரிய வெடிப்பு, அதிலிருந்து சின்னது,
அதிலிருந்து இன்னும் சின்னது,
கடைசிக் கிளை வரை வெள்ளையாய் உப்பு.
கேமரா கையில்தான் இருந்தது.

அட்டவணையில் அவள் வரிசைக்கு நேரே
'விலகல்' என்று எழுதினேன்.
அடித்தேன். வேறு சொல் வரவில்லை.

சாயங்காலம் மதுரையிலிருந்து செய்தி:
பதினொன்றாம் படம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறதாம்.
ஓடு எப்போது கிடைக்கும்?

நாலு மணி நேரம், வாரத்துக்கு மூன்று தடவை,
அந்தச் சுவரைப் பார்த்தபடி படுத்திருக்கப் போகிறார்கள்
கமுதியிலிருந்தும் கடலாடியிலிருந்தும்
விடியுமுன் பஸ் ஏறி வருகிறவர்கள்.