கட்டைவிரல் கணக்கு

சாந்தா ரூஃபினா கோட்டையில்
ஒரு பீரங்கி இருந்தது. குண்டுகள் இல்லை.
குண்டு கேட்டு எழுதிய கடிதம்
மெக்சிக்கோ நகரம் போய்ச்சேர நான்கு மாதம்.
பதில் வர ஒரு வருடம்:
"பீரங்கியின் வாய் எத்தனை விரற்கடை
என்று தெரிவிக்கவும்."

நாற்பத்தாறு சிப்பாய்கள்.
ஏழு மடிப்பு மான்தோல் அங்கி.
அம்பு துளைக்காது, ஜூன் வெயில் துளைக்கும்.
ஆளுக்கு ஆறு குதிரை,
ஏட்டில்.

மதில் மூன்று பக்கம்தான் எழும்பியிருந்தது.
நான்காவது பக்கத்தில் மெஸ்கீட் முள்ளை வெட்டி
அடுக்கியிருந்தார்கள்.
அப்பாச்சிகள் மலையிறங்கி வந்த இரவில்
நான்காவது பக்கம் எது என்று
யாரிடமும் வழி கேட்கவில்லை.

விடிந்ததும் நிக்கானோர் உர்கீஹோவைப் புதைத்தார்கள்.
மண் காய்வதற்குள் கணக்கன் ஏட்டைத் திறந்தான்.
முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று,
காலுறை இரண்டு ஜோடி,
சாக்லேட் கட்டி மூன்று,
செத்துப்போன கோவேறு கழுதை ஒன்று.
பாக்கி எழுபத்தொரு பெசோ.
கடனைக் குழியில் போட்டு மூடும் பழக்கம்
அரசருக்கு இல்லை.

அவன் மனைவி தொமாசா
ஆற்றங்கரையில் கல் அறுத்தாள்.
களிமண், வைக்கோல், குதிரைச் சாணம்.
சுடாத கல்,
நூறு கல்லுக்கு ஒரு பெசோ.
எழுதத் தெரியாது.
நூறாவது கல்லில் மட்டும்
ஈரம் உலர்வதற்குள்
கட்டைவிரலை அழுத்திவைத்தாள்.
கணக்கனுக்குத் தெரியாமல்.

அப்படித்தான் எழுந்தது நான்காவது மதில்.
ஏட்டில்
ஐம்பத்தெட்டு பெசோ வரவு.
மதிலில் எத்தனை விரல் என்று
எண்ணிப் பார்க்க எவனும் வரவில்லை.
அவளும் வாய் திறந்து சொன்னதாகத் தெரியவில்லை.

பிறகு சமாதானம் வந்தது.
திங்கட்கிழமைதோறும்
மக்காச்சோளம், புகையிலை, ஒரு வெல்லக் கூம்பு.
முள்ளைத் தாண்டிக் குதிரை ஓட்டிப்போனவர்கள்
தொமாசாவின் மதில் நிழலில்
வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.
முதல் ஆள் பெயர் ஏட்டில் 'இடக்கையன்'.
பெற்றவள் வைத்த பெயரைக் கணக்கன் கேட்கவில்லை.
கேட்டிருந்தாலும்
ஒரு படி சோளத்துக்கு அதைக் கொடுத்திருக்கமாட்டான்.

ஒருநாள் அரசர் போய்விட்டார்,
நாடு வேறு நாடாகியிருந்தது.
சேதி சொல்ல ஆள் வரவில்லை.
சம்பளம் வராததை வைத்துப் புரிந்துகொண்டிருக்கலாம்,
ஆனால்
அது முன்பும் வந்ததில்லை.

சோளம் நின்ற மூன்றாவது திங்கட்கிழமை
இடக்கையனின் ஆட்கள் எழுந்து போனார்கள்,
நாற்பது குதிரைகளோடு.
ஏட்டின் கடைசிப் பக்கத்தில்
குதிரை என்று தொடங்கிய வரி
பாதியில் நிற்கிறது.

உத்தரங்களைப் பண்ணைக்காரர்கள் கொண்டுபோனார்கள்.
பீரங்கியை யாரோ உருக்கினார்கள்.
மீதியை மழை
அவசரமில்லாமல்
ஆற்றுக்கே திருப்பிக் கொடுத்தது.

இப்போது முழங்கால் உயர மதில்.
சுற்றிலும் கம்பிவேலி, பூட்டு.
ஒவ்வோர் அக்டோபரிலும் டெல்ஃபீனா ஆன்டோன்
பழைய மண்ணின்மேல் புதுமண் பூசுகிறாள்.
கோட்டை வருமுன்பே
இந்த ஆற்றில் பயிர் வைத்த ஓதாம் குடி அவள்.
அந்தச் சேதி பலகையில் இரண்டு வரி.

வடமூலையில் ஒரு கல்லில் சின்னக் குழி.
குளவிக்கூடு என்றார் மேற்பார்வையாளர்.
அவள் பதில் சொல்லாமல்
அதை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிப் பூசினாள்.

மாலையில் அவர் காகிதத்தில் எழுதுகிறார்:
டெல்ஃபீனா, ஏழு மணி நேரம்.

தன் சட்டைப்பையிலிருந்து
ஒரு துண்டுப் பென்சிலை எடுத்து
அவள் தனியாகக் குறித்துக்கொள்கிறாள்:
எட்டே கால்.