முப்பத்தாறுக்குப் பதினேழு

கடலூரிலிருந்து காலையில் பாண்டிக்குப் போகும் பஸ்ஸில்
வெயில் வலது பக்கம் விழும்.
சாயங்காலம் திரும்பும்போதும் வலது பக்கம்தான்.
பஸ்ஸும் திரும்பிவிடுகிறது, சூரியனும் இடம் மாறிவிடுகிறது.
நான் கணக்கு டீச்சர்,
இதற்குப் படம் வரைந்து பார்க்க வேண்டியிருக்கவில்லை.
பன்னிரண்டு வருஷமாக இடது பக்கம் உட்காருகிறேன்.

டியூப்லைட் பரவாயில்லை.
மஞ்சக்குப்பத்து ஸ்டூடியோக்காரர்
கேட்காமலே திருத்திக் கொடுத்துவிடுவார்.
ஜன்னலோரத்து வெயில் மட்டும்
தாடையில் ஒவ்வொன்றாக எண்ணும்.

காம்பஸ் பெட்டியில்
கவராயம், பாகைமானிக்கு அடியில்
ஒரு ட்வீசர்.
பிள்ளைகள் யாராவது இரவல் கேட்டுத் திறந்துவிட்டால் என்று
வருஷக்கணக்காகப் பயந்திருக்கிறேன்.

போன ஜூலையில் ஒன்பதாவது பி-யில்
நான் போர்டில் விட்டுப்போன வட்டத்துக்கு
யாரோ தாடி வைத்திருந்தான்.
நன்றாகவே வரைந்திருந்தான், சுருள் சுருளாக.
அழிக்கவில்லை.
மையத்திலிருந்து தாடி முளைக்கும் இடம்வரை
ஆரம் இழுத்துச் சுற்றளவு கேட்டேன்.
ஒருத்தனும் தலை நிமிரவில்லை.
அன்றைக்கு விடை மட்டும் எல்லாருக்கும் சரியாக வந்தது.

கஸ்தூரி மஞ்சள் சொன்னவர்கள், குப்பைமேனி சொன்னவர்கள்,
கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்றவர்கள்.
பள்ளிக்கூட கிளார்க் அமலோற்பவம்தான் கேட்டாள்,
ஃபைலிலிருந்து கண்ணை எடுக்காமல்:
"மாசாமாசம் வருதா டீச்சர்?"
நாற்பது நாள். அறுபத்தைந்து. ஒருமுறை நூற்றுப்பத்து.
எந்தச் சூத்திரத்துக்கும் அடங்காத தொடர்.

கோரிமேட்டு ஆஸ்பத்திரியில், பச்சைத் திரைக்குப் பின்னால்,
என்னைவிட இளைய ஒரு டாக்டர்
மன்னிப்புக் கேட்கும் குரலில் சொன்னாள்:
உடம்பில் ஒன்பது இடம்.
ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை.
மேலுதடு மூன்று. தாடை மூன்று.
மார்பு, வயிறு, முதுகு, தொடை என்று
ஒரு பேனா என்மேல் நடந்துபோனது.
இருபது வருஷமாக நான் பேப்பர் திருத்துகிறவள்.
அவள் கூட்டி முடிக்குமுன்பே கூட்டிவிட்டேன்.
முப்பத்தாறுக்குப் பதினேழு.
எங்கள் பள்ளிக்கூடத்தில் இது பாஸ்.

"கன்னம்?" என்றேன்.
தாளைத் திருப்பிப் பார்த்தாள்.
"கன்னம் இதில் வராது மேடம்."
பன்னிரண்டு வருஷம் இடது பக்கம்.
சிலபஸிலேயே இல்லையாம்.

பிறகு அவள் சொன்னது பாதி புரிந்தது.
ஆண் ஹார்மோன் என்று பெயர்தான்,
எல்லாப் பெண்ணுக்குள்ளும் கொஞ்சம் ஓடுவது.
கூடுதலாக வருவது சினைப்பையிலிருந்தா,
சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்குமே
அந்தச் சுரப்பியிலிருந்தா,
இன்சுலின் தூண்டிவிடுகிறதா,
இல்லை, அளவு சரியாகவே இருந்து
வேர்க்கால்தான் மெல்லச் சொன்னதையும் உரக்கக் கேட்கிறதா.
"சிலருக்கு எல்லா டெஸ்டும் நார்மலாக வரும்."
எக்ஸின் மதிப்பு கிடைக்காமலே முடியும் கணக்குகள்.
பிள்ளைகளுக்கு அதை நாங்கள் நடத்துவதில்லை.

மூன்று குழாய் ரத்தம்.
கட்டைவிரலால் பஞ்சை அழுத்திக்கொண்டே
பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன்.

நாலரை மணி பஸ்ஸில் லேடீஸ் சீட் நிறைந்திருந்தது.
டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது வரிசை,
வலது, ஜன்னலோரம்.
தைரியமெல்லாம் இல்லை, கால் வலித்தது, உட்கார்ந்தேன்.
அரியாங்குப்பம் தாண்டியதும் வெயில் முழுசாக இறங்கியது.
கை தானாகத் தாடைக்குப் போனது.
எடுத்து மடியில் வைத்தேன்.
மறுபடி போனது.
மறுபடி வைத்தேன்.

பெண்ணையாற்றுப் பாலத்தில்
பக்கத்து சீட்டு அம்மாள், கூடையில் சப்போட்டா,
என் முகத்தை நன்றாகப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:
"ஷட்டரை இறக்கிவிடட்டுமா, வெயில் அடிக்குதே?"

இருக்கட்டும் என்றேன்.

ரிசல்ட் செவ்வாய்க்கிழமை.