பாலம் தூக்கும் நேரம்

மாதாந்திர ஊசியை இம்முறை போடவேண்டாம் என்று
கடிதம் வந்தது.
கட்டியின் வாசலில் பழைய மருந்து உட்கார்ந்திருந்தால்
படத்துக்கான கதிர்மருந்துக்கு
இடமிருக்காதாம்.

ஊசி இல்லாத இரண்டாம் வாரமே
முகம் பற்றிக்கொண்டது.
க்ரோனிங்கனில் பிப்ரவரி.
கால்வாய் ஓரமெல்லாம் பனி ஏடு கட்டியிருக்க
பாலக் கூண்டுக்குள் நான் மட்டும்
உலைக்கு முன் நிற்பவள்போல்.

'காலையிலேயே ஊற்றியாச்சா, ஹில்ட்யா?'
வுப்போ கேட்டான்.
ஆமாம் என்றேன்.
குடிகாரி என்றால் பேச்சு அத்தோடு முடியும்.

மணல் படகுக்காரன் ஒருவன்
வெட்கமென்று நினைத்துத் தொப்பியைத் தூக்கினான்.
ஐம்பத்தெட்டு வயதில்
அதை ஏன் திருத்துவானேன்.

வயிறு வேறு.
பாலம் பாதி எழுந்து நிற்கையில் கூப்பிடும்.
கழிப்பறைக்கு ஏழு எட்டு;
எண்ணி வைத்திருக்கிறேன்.

கடிதத்தின் இரண்டாம் பக்கம்:
ஒரு லிட்டர் தண்ணீர் குடிக்கவும்.
நகை, கொக்கி, பெல்ட் வேண்டாம்.
ஊசி ஏறியபின் அன்று முழுவதும்
கருவுற்றவர், கைக்குழந்தை
பக்கம் போகவேண்டாம்.

மாடியறையில் என் மகள் ரூலீன்.
ஏழாம் மாதம்.
சளி என்று சொல்லி வைத்திருந்தேன்.

தொலைபேசியில் செவிலி சொன்னாள்:
தாமதிக்காதீர்கள்,
அது உங்களுக்கென்று அப்போதுதான் கறப்பது.
அறுபத்தெட்டு நிமிடத்தில் பாதி போய்விடும்,
அப்புறம் அந்தப் பாதியில் பாதி.

பதினோரு வருடமாய்
நான் நிறுத்திவைத்த வண்டிகள்
ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தன.
எதற்குள்
யாருடைய பாதி
கரைந்துகொண்டிருந்ததோ.
சாம்பல் நிற வேன் ஒன்று
விடாமல் ஹாரன் அடித்தது ஒருநாள்.
கண்ணாடிக்குள்ளிருந்து
கையாட்டிச் சிரித்தேன் நான்.

வியாழன் காலை
மோதிரத்தைச் சர்க்கரைக் கிண்ணத்தில் போட்டேன்.
மாடிப்படியின் கீழே நின்று
'ரூலீன், எனக்குச் சளி இல்லை' என்று தொடங்கி
எல்லாவற்றையும்
கடிதத்தில் இருந்த வரிசையிலேயே சொன்னேன்.
படியிலேயே நின்றுவிட்டாள்.
எவ்வளவு தூரத்தில் நிற்கவேண்டும், அம்மா?

மாலையில்தான் தூரம்.
இப்போது வரலாம்.

இறங்கி வந்தாள்,
கைப்பிடியைப் பிடித்து
ஒவ்வொரு படியாக.
எங்களுக்கு நடுவில் அவள் வயிறு
ஒரு முறை உதைத்தது என்னை.
பேருந்துக்கு இருபது நிமிடம் இருந்தது.
பத்தொன்பதை அங்கேயே செலவழித்தோம்.

பேருந்து என் பாலத்தருகே நின்றது.
மணி அடித்தது, தடுப்பு இறங்கியது.
கூண்டில் வுப்போ,
ரொட்டியை மென்றபடி.
மணல் படகு வந்தது,
அதே தொப்பி, அதே நிதானம்.

பக்கத்து இருக்கைக்காரர் உச்சுக்கொட்டினார்.
நான்கரை நிமிடம், என்றேன் அவரிடம்,
தூக்கி இறக்க.

மடியில் தண்ணீர்ப் புட்டி.
இன்னும் பாதி இருந்தது.
மூடியைத் திருகினேன்.